ஹால் கேமராவை நிறுத்தியது நான்தான்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் போனில் நம் வீட்டு ஹால் தெரிந்திருக்காது. கேமரா இணைப்பில் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்திருக்கும். நீ மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டாய். முதல் முறை கரண்ட் இல்லை என்றேன். அடுத்த முறை நெட் சரியில்லை என்றேன். மூன்றாவது முறை, தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள், ஒயர் அறுந்திருக்கும் என்றேன். திண்டிவனத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால் நீயும் நம்பிவிட்டாய். மூன்றுமே பொய். கேமராவை நிறுத்தியது நான்தான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்ததுமே "சேஃப்டிக்குத்தாம்மா" என்று நீ நடுவில் புகுவாய், நானும் சரி சரி என்று விட்டுவிடுவேன். உனக்கும் எனக்கும் பல வருடமாகப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் மருந்து கொடுத்தவள் நான். டாக்டர்கள் கிறுக்கியதையெல்லாம் படித்தே காலம் போனதால் என் கையெழுத்தாவது புரியும்படி இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுவேன். மெல்போர்னில் ஒரு லீவு நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

கேமரா வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது உன் அப்பா தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்தார். நான் திரும்பி வரும்வரை அரை மணி நேரம் அங்கேயே கிடந்தார். எலும்பு உடையவில்லை. உனக்குத்தான் ஏதோ உடைந்துவிட்டது. அடுத்த மாதமே லீவு போட்டுக்கொண்டு வந்தாய். தோட்டத்துப் பக்கம் ஒன்று, ஹாலில் ஒன்று என்று இரண்டு கேமரா மாட்டினாய். எல்லாவற்றையும் உன் மெயிலில் போட்டாய். எங்கள் இரண்டு பேர் போனிலும் ஆப்பை ஏற்றிவிட்டு, "அலோவ்னு கேக்கும்மா, எல்லாத்தையும் அமுக்கிக்கினே போ, யோசிக்காத" என்றாய். நானும் அமுக்கிக்கொண்டே போனேன். இருக்கும் இடம், மைக், போட்டோக்கள், போனில் உள்ள பெயர்கள், வீட்டு நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாக வந்தது. லேபிள் படிக்காமல் ஒரு இருமல் மருந்தைக்கூட ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நீட்டாதவள், அன்றைக்கு ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. பிள்ளை கொடுத்ததற்கு லேபிள் எதற்கு என்று நினைத்திருப்பேன்.

நம் குடும்பத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, கவனித்திருக்கிறாயா? யாருக்குப் போன் பற்றி நாலு விஷயம் தெரியுமோ, அவர் எல்லோர் வீட்டுச் சாமானையும் தன் பெயரில் போட்டுக் கொடுத்துவிடுவார். உன் அத்தை வீட்டு டிவி அவள் மருமகன் மெயிலில் ஓடுகிறது. நம் வீடு உன் மெயிலில் ஓடுகிறது. வாங்கிக்கொள்பவரும் பெருமையாகத்தான் வாங்கிக்கொள்கிறோம். பிள்ளை எல்லாம் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டு விஷயத்திலும் அப்படித்தான். உன் அப்பா அதைக் காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். வளவனூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் தண்ணீர், அடுத்தது பாஸ்வேர்டு. கேட்கும் முன்பே காலண்டர் பக்கம் கையைக் காட்டுவார்.

ஆரம்பத்தில் கேமரா எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. மத்தியானம் நீ கூப்பிட்டு, "அப்பா இன்னும் சாப்பிடல போலிருக்கே" என்பாய். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நம் தட்டைப் பார்க்கிறானே என்று மனசு நிறைந்துவிடும். உன் அப்பா தினமும் காலையில் அதன் கீழே போய் நின்று, "தம்பி, நல்லா இருக்கேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் பேப்பரை எடுப்பார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு ஓட்டியவர். வெளியாள் யாராவது வந்தால் சட்டை போடாமல் ஹாலுக்கு வரமாட்டார். கேமரா வந்த நாளிலிருந்து வீட்டிலேயே சட்டை போட ஆரம்பித்தார். அக்னி நட்சத்திர வெயிலிலும் ஹாலில் சட்டையோடுதான் உட்கார்ந்திருப்பார். கழற்றுங்களேன் என்றால், "தம்பி பாப்பான்ல" என்பார். நான் சிரித்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். சொந்தப் பிள்ளைக்கு முன்னால் சட்டை போட்டுக்கொள்கிற மனிதர் அவர் இல்லை. எந்த நேரத்தில் பார்ப்பான் என்று தெரியாததால்தான் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் நடந்ததுக்கு வருகிறேன். அவருக்குச் சில மாதங்களாகச் சிறுநீர் அடக்க முடிவதில்லை. அது எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். மாத்திரை வாங்கும்போதுகூட நான்தான் போவேன், கடைக்காரரிடம் பெயர் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது. நான் துடைத்தேன், அவர் வேட்டி மாற்றிக்கொண்டார், இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம். நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு என்னிடம் கேட்காமல், விழுப்புரத்தில் இருக்கும் உன் அத்தைக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாய்.

அந்த வியாழக்கிழமை உன் அத்தை பஸ் பிடித்து வந்தாள். எப்போதும்போல ஒரு பை நிறைய அவித்த கடலை, நம் ஊர் மல்லாட்டை. இன்னொரு கையில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட். வியாழக்கிழமைதோறும் உன் அப்பாவைப் பார்க்க வரும் டிப்போ நண்பர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். உன் அத்தைக்கு மனசு வெள்ளை, வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது.

"இன்னாண்ணா, எங்கிட்டகூடச் சொல்லாம வெச்சிக்கினு இருக்க. இதுல இன்னா வெக்கம்? இந்தா, பத்து இருக்கு. ராத்திரிக்கு மட்டும் போட்டுக்க, போதும்."

"யாரு சொன்னது?" என்று உன் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

"அண்ணிய ஏன் மொறைக்கிற? உம் புள்ளதான் போன்ல அழுவுது. கேமராவுல பாத்துதாம் பாவம்."

டிப்போ நண்பர் நல்ல மனிதர். மல்லாட்டை எந்த ஊருடையது என்று விசாரித்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். உன் அப்பாதான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டார்.

அத்தை வந்துபோன மறுநாள் உன் அப்பா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துச் சந்தில், மோட்டார் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு எதிரில் போட்டுக்கொண்டார். பேப்பர் அங்கே, காபி அங்கே, சோறும் அங்கே. காற்று வருகிறது என்றார். அந்தச் சந்தில் கொசுதான் வரும். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. படுக்கிற அறையை விட்டால், வீட்டில் உட்காரக்கூடிய இடங்களில் உன் இரண்டு கேமராவிலும் விழாதது அது ஒன்றுதான். பஸ் கண்ணாடியில் எந்த இடம் தெரியாது என்று ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். யாரிடமும் கேட்காமல் அவரே அளந்து கண்டுபிடித்திருக்கிறார். தான் கட்டிய வீட்டில் ஒரு ஆள் உட்கார, ஆறடிச் சந்துதான் மிச்சம் என்று ஆனபோது எனக்கு உன்மேல் வந்த கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. உன்னைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டுவதற்காகப் போனைக் கையில் எடுத்தேன்.

எடுத்த போனைக் கீழே வைத்தேன். இந்தப் பக்கம் உனக்கு மட்டும்தான். ஒருமுறை பார்த்ததும் போட்டோ மறைந்துபோகிற மாதிரி அனுப்ப வழி இருக்கிறதாம். அப்படி அனுப்பமாட்டேன். நான் செய்தது மறையக்கூடாது.

நீ காலேஜ் இரண்டாம் வருடம் லீவில் வந்திருந்தபோது குளிக்கப் போனாய். போன் கட்டில்மேல் கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். அது முதல் தடவையும் இல்லை. ஒரு பெண்ணின் பெயரில் நிறைய மெசேஜ் இருந்தன. தப்பாக ஒன்றும் இல்லை. பரீட்சை, பஸ், யார் வீட்டில் என்ன குழம்பு, இப்படித்தான். அந்தப் பெண் எனக்குத் தெரிந்தவள். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் என் ஜன்னலுக்கு வருவாள். அந்த மாதமும் வந்தாள். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டேன். கொடுக்கும்போது, "எம் புள்ள படிக்கிற புள்ள. நீ அனுப்பறதெல்லாம் நான் படிச்சிக்கினுதான் இருக்கேன்" என்றேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவள் கவரை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் அப்பா வந்தார்.

அவள் ஏன் திடீரென்று உன்னோடு பேச்சை நிறுத்தினாள் என்று உனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள். அந்த லீவு முழுக்க நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய். "யாரையும் நம்பக் கூடாதும்மா" என்றாய். நான், எழுந்து சாப்பிடு என்றேன். பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிய திருப்தியில் இருந்தேன். இந்த ஊரில் யாருக்குக் காச நோய் மாத்திரை, யாருக்கு மனசு சரியாக மாத்திரை என்று அத்தனையும் தெரிந்தும், உன் அப்பாவிடம்கூட ஒரு பெயரைச் சொன்னதில்லை நான். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையின் போனைத் திருடிப் படித்து, ஒரு பெண்ணை வரிசையில் வைத்து அவமானப்படுத்தினேன். பாசத்தால்தான் செய்தேன். நீயும் பாசத்தால்தான் அத்தையைக் கூப்பிட்டாய். என்னை மன்னித்துவிடு தம்பி. அந்தப் பெண்ணிடமும் கேட்க வேண்டும், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தேடிக் கண்டுபிடிக்கவும் மாட்டேன். அவள் வாழ்க்கைக்குள் மறுபடி எட்டிப் பார்க்க எனக்கு என்ன உரிமை.

அதனால் திட்டுவதை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் செட்டிங்க்ஸைத் திறந்து, எந்த ஆப்புக்கு என்ன அனுமதி என்று வரிசையாகப் படித்தேன். டார்ச் அடிக்கிற ஆப்புக்கு என் போனில் உள்ள எல்லாப் பெயரும் தெரிகிறது. உன் நம்பர், உன் மனைவி நம்பர், அத்தை நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் நம்பரைக் கொடுக்க நான் யார்? அணைத்தேன். உன் அப்பா போனில் ராசிபலன் ஆப்புக்கு மைக் திறந்திருந்தது. அவர் நாள் முழுக்கத் திட்டுகிற திட்டை வைத்துத்தான் பலன் சொல்கிறதோ என்னவோ. அதையும் அணைத்தேன். வீட்டு நெட்வொர்க் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் புரியச் சிரமப்பட்டது. நம் வைஃபையில் வேறு என்னென்ன சாமான் இருக்கிறது, டிவி உண்டா, கேமரா உண்டா, யாருடைய போன் உண்டு என்று தேடிப் பார்க்கலாமா என்பதுதான் அந்தக் கேள்வி. வாசலில் வந்து நிற்கிற ஆள், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்கிற மாதிரி. போனிலிருந்து டிவியில் படம் போடுகிற ஆப்புக்கு அது வேண்டும், டிவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் போடும்? ராசிபலனுக்கு எதற்கு? உன் அப்பாவின் துலாம் ராசிக்கும் நம் டிவிக்கும் என்ன சம்பந்தம்? அவர் போனில் அதற்குப் பெயர் வேறு, அருகிலுள்ள சாதனங்கள் என்று இருக்கிறது. கேள்வி ஏறக்குறைய அதேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வேலைக்கு இது வேண்டுமா? வேண்டாதவற்றை மூடினேன். ஒரு ஆப்பும் நின்றுபோகவில்லை.

ஆனால் ஹாலில் இருந்த உன் கண்ணை மட்டும் மூட முடியவில்லை. என் போனில் எதை அணைத்தாலும் கேமராவின் நீல விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நமக்கு நெட் இணைப்புக் கொடுத்த ஏழுமலையை வரச் சொன்னேன். நாற்பது வயது, பொறுமைசாலி. வந்ததும் தன் போனில் எதையோ திறந்து பார்த்தார்.

"வீட்ல எத்தினி பேரும்மா?"

"ரெண்டு பேருதான்."

"பதினாலு போனு, டிவி, கேமரான்னு ஓடிக்கினு இருக்குது. தெருவுல பாதி உங்க வைஃபைலதான் படம் பாக்குது." காலண்டரைப் பார்த்தார். "இத இப்படி எழுதி மாட்டிட்டு அப்புறம் பாஸ்வேர்டுன்னு பேரு எதுக்கும்மா?"

கேமராவைப் பற்றிக் கேட்டேன். "அது உங்க பேர்ல இல்லம்மா, தம்பி மெயில்ல கீது. நீங்க உங்க போன்ல இன்னா பண்ணாலும் அவருக்கு ஹால் தெரிஞ்சிக்கினுதான் இருக்கும்" என்றார்.

"பாஸ்வேர்ட மாத்திட்டா?"

"மாத்திட்டா கேமராவுக்கு வழி தெரியாது. அதுவா நின்னுடும். புதுச அதுலயும் போட்டுட்டா பழையபடி ஓடும். போட்டுடட்டுங்களா?"

உன் அப்பா சந்தில் இருந்தார். பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. நான், "வாணாம், வைஃபைக்கு மட்டும் மாத்துங்க" என்றேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவர் விழுந்தது உண்மை. இனிமேலும் விழலாம், நானும் விழலாம். அதனால் பாத்ரூமில் பிடிப்புக் கம்பி வைத்தாயிற்று. உட்கார்ந்தபடி கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பெல் பொத்தானும் ஏழுமலை போட்டுக் கொடுத்தார், அடித்தால் எனக்கும் கேட்கும், எதிர் வீட்டுக்கும் கேட்கும். தோட்டத்துக் கேமராவும் இப்போது நின்றிருக்கிறது, ஆனால் அது மறுபடி ஓடும். படியை மட்டும் பார்க்கிற மாதிரி திருப்பி, சத்தம் கேட்காதபடி செய்து, விருந்தாளிகளுக்கென்று தனியாகப் போட்ட வைஃபையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அது என் பெயரில் இருக்கும். உனக்குப் பார்க்க அனுமதி அனுப்புகிறேன். ஆனால் பழையதை நீதான் உன் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் என் பெயரில் ஏறுமாம். எடுத்துவிடு. ஹாலுக்கு எதுவும் கிடையாது. உன் வீட்டிலும் ஒரு நாள் உட்கார்ந்து போனைத் திறந்து படித்துப் பார். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது குளிக்கப் போகும்போது போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போகும். அன்றைக்கு இந்தக் கடிதம் ஞாபகம் வரட்டும்.

ஏழுமலை போனபிறகு உன் அப்பா ஹாலுக்கு வந்தார். கேமராவுக்குக் கீழே, தினமும் உன்னிடம் பேசுகிற அதே இடத்தில் நின்று, நீல விளக்கு இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். சாயங்காலம் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சந்திலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பழைய இடத்தில் நாற்காலியைப் போட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, காபி பொங்குகிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "கோவமெல்லாம் ஒண்ணுமில்லன்னு எழுது. பாக்கணும்னா போன் பண்ணச் சொல்லு. சட்ட போட்டுக்கினு வந்து உக்கார்றேன்" என்றார்.

நாளைக்கு வீடியோ காலில் கூப்பிடு. உடனே எடுக்கவில்லை என்று கட் பண்ணிவிடாதே. அவர் விரல்கள் இப்போது கொஞ்சம் நடுங்குகின்றன, கழுத்துப் பொத்தான் போட நேரமாகும்.

அம்மா